கடைசிக் கப்பல் கிளம்பும் முன்: வடகோடிக் கிராமங்களில் குப்பை தரம்பிரிப்பு மையம் அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது, தெற்கே போகவும் சாலை கிடையாது. க்யூபெக் மாகாணத்தின் வடபகுதியான நுனாவிக்கில், வடகோடியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் கிராமங்கள் இன்னும் 14. அங்கேயும் இதே நிலைமைதான். பிக்கப் வண்டி, ஸ்னோமொபைல், ஃப்ரீசர், பேட்டரி, பெயின்ட், ஜன்னல் கண்ணாடி, மாவு மூட்டை எல்லாம் கோடையில் வரும் கப்பலில் வந்து இறங்குகின்றன. பால், பழம், காய்கறி விமானத்தில் வருகின்றன. வரத்து மட்டும்தான், போக்கு கிடையாது. பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து எடைபோட்டு வாங்கிப்போகும் ஊர்கள் அல்ல இவை. அதனால் பல பத்தாண்டுகளாக வந்து பழுதானதெல்லாம் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் அப்படியே கிடக்கிறது.

அந்த மேடு என்ன செய்யும் என்பதை 2014-இல் தலைநகர் இகாலுயிட் பார்த்தது. மே மாதம் குப்பைமேட்டின் உள்ளே பிடித்த தீ, செப்டம்பர் வரை அணையவில்லை. எரிமலை மாதிரிப் புகைந்துகொண்டே இருந்ததால் ஊர்க்காரர்கள் அதற்கு ‘டம்ப்கேனோ’ என்று பெயரே வைத்தார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மூச்சுக்கோளாறு உள்ளவர்களும் புகை வரும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி சொல்லப்பட்டது. கடைசியில் எரியும் குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டியெடுத்துத் தண்ணீரில் முக்கித்தான் அணைத்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு தரம்பிரிப்பு மையம் அமைப்பது எப்படி என்பதை நுனாவுட்டை மையமாக வைத்துச் சொல்கிறேன். நுனாவிக், அலாஸ்கா போன்ற இடங்களுக்கும் சட்டங்களின் பெயர் மட்டும்தான் மாறும், வேலை அதேதான். தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். தெற்கே இருக்கும் நகரங்களில் பிரிப்பு மையம் என்றால் கன்வேயர் பெல்ட், தாள், பிளாஸ்டிக் என்று ஞாபகம் வரும். வடக்கே அது வேறு விஷயம். கெட்ட பொருட்களை முதலில் குப்பையிலிருந்து விலக்கி, கொட்டாமல் சிந்தாமல் காய்ந்த நிலையில் வைத்திருந்து, கப்பல் வரும் நாளில் ஏற்றிவிடுவதுதான் இந்த மையத்தின் வேலை. கப்பலுக்குக் காத்திருக்கும் ஒரு கிடங்கு என்று நினைத்துக்கொண்டால் எல்லா முடிவுகளும் சரியாக அமையும்.

முதலில் கப்பல், அப்புறம்தான் கட்டடம்

பெரும்பாலான ஊராட்சிகள் கட்டடத்திலிருந்து தொடங்குகின்றன. மானியம் கட்டடத்துக்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் அப்படி. ஆனால் வெளியே போக வழியில்லாத மையம் இரண்டே வருடத்தில் இன்னொரு குப்பைமேடாகிவிடும், அதுவும் கூரை போட்ட குப்பைமேடு. எனவே முதல் வேலை இரண்டு தொலைபேசி அழைப்புகள்.

ஒன்று, கப்பல் கம்பெனிக்கு. கப்பல்கள் பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரைதான் வரும். ஊருக்கு இரண்டு அல்லது மூன்று முறை. வரும்போது நிறைந்து வருகின்றன, திரும்பும்போது பெரும்பாலும் காலியாகப் போகின்றன. திரும்பும் சரக்குக்குக் கட்டணம் குறைவாகவே இருக்கும். வருடாவருடம் இத்தனை கன்டெய்னர் தருகிறோம் என்று முன்கூட்டியே பேசினால் இன்னும் குறையலாம். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி, எண்ணெய் போன்ற அபாயப் பொருட்களை எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தெற்கே பொருளை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு. பேட்டரிக்கு ஒருவர், எண்ணெய்க்கு ஒருவர், மின்னணுக் கழிவுக்கு ஒருவர், இரும்புக்கு ஒருவர். அவர்கள் எப்படிக் கட்டிக் கொடுத்தால் எடுப்பார்கள், எது கலந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று கேளுங்கள். துறைமுகம் வரை போய்விட்ட கன்டெய்னரை ஏற்க மறுத்தால் அதன் வாடகையும் அபராதமும் ஊராட்சி தலையில்தான் விழும்.

போக்குவரத்து அறுந்துபோனால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். மானிட்டோபாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் ஊருக்கு ரயில் உண்டு. 2017 மே மாத வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துக்கொண்டு போய், 2018 அக்டோபர் இறுதியில்தான் மறுபடி ரயில் வந்தது. ஒன்றரை வருடம். ஆகவே ஒரு வருடச் சரக்கு வெளியே போகவில்லை என்றாலும் தாங்கும் அளவுக்கு, அதாவது இரண்டு வருடச் சேமிப்புக்கு இடம் ஒதுக்கித்தான் திட்டம் போட வேண்டும்.

என்ன கிடக்கிறது என்று எண்ணுங்கள்

இரண்டு வகைக் கணக்கு வேண்டும். ஏற்கெனவே கிடப்பது ஒன்று, தினமும் வருவது இன்னொன்று.

கிடப்பதைப் பனி உருகியதும் ஜூலையில் நடந்துபோய் எண்ண வேண்டும். வண்டி எத்தனை, ட்ரம் எத்தனை, அதில் காலி எத்தனை, உள்ளே ஏதோ குலுங்குவது எத்தனை, ஃப்ரிட்ஜ் எத்தனை. போனில் படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அருகே பழைய ராணுவ ரேடார் நிலையம் இருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். 1950-களில் சோவியத் விமானங்களைக் கண்காணிக்க ஆர்க்டிக் நெடுகக் கட்டப்பட்ட டியூ லைன் நிலையங்கள் ட்ரம்களையும் பிசிபி என்ற நச்சு ரசாயனம் கலந்த பெயின்டையும் விட்டுச்சென்றன. கனடா ராணுவம் தன் பொறுப்பிலிருந்த 21 நிலையங்களைச் சுத்தம் செய்து முடிக்க 2014 வரை ஆனது. அந்தக் காலத்து ட்ரம் எதையும் சாதாரண எண்ணெய் என்று நினைத்துத் திறக்கக் கூடாது. மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

தினமும் வருவதை அறிய, ஒரு வாரக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிப் பிரித்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இதை வருடத்துக்கு இரண்டு முறை செய்யுங்கள், குளிர்காலத்தில் ஒன்று, கப்பல் வந்துபோன பிறகு ஒன்று. கப்பல் வந்தபின் ஊர் முழுக்க மரப்பெட்டிகளும் அட்டையும் பிளாஸ்டிக் சுற்றுத்தாளும் நிறைந்துவிடும். ஒரே ஒரு கணக்கை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் ஏமாந்துபோவோம்.

ஊரின் அளவும் முடிவுகளை மாற்றும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இகாலுயிட்டில் 7,429 பேர். வடகோடியில் இருக்கும் கிரைஸ் ஃபியோர்டில் 144 பேர். 144 பேர் ஊருக்கு ஐந்தாறு கன்டெய்னரும் ஒரு கொட்டகையும் போதும். அங்கே போய்ப் பெரிய கட்டடம் கட்டினால், அதைச் சூடாக்கும் டீசல் செலவே மையத்தை மூடவைத்துவிடும்.

ஊரோடு பேசுவது

ஊராட்சி மன்றத்தின் தீர்மானம் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. வேட்டைக்காரர் சங்கத்திடம் உட்கார்ந்து பேசுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பனி எங்கே குவிகிறது, உருகும் நீர் எந்த வழியாகக் கடலுக்கு இறங்குகிறது, கரடி எந்த வழியில் ஊருக்குள் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் இவ்வளவு விவரம் இருக்காது. அதோடு, கடல்நாயும் கரிபூ எனும் மானும் மீனும் அவர்களுடைய சாப்பாடு. எண்ணெய் கசிந்தால் முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தட்டுதான். அந்தக் கவலையோடு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் ஒரு நாள் நீண்டால் நீளட்டும்.

பலகைகள் இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடுட் எழுத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், கூடவே பெரிய படமும். ஊர் வானொலியை இப்போதே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இடமும் அனுமதியும்

நுனாவுட்டில் ஊராட்சியின் குப்பைக்கும் கழிவுநீருக்கும் நுனாவுட் நீர் வாரியத்தின் உரிமம் தேவை. புதிய மையம் வரும்போது அந்த உரிமத்தைத் திருத்த வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். நிலப் பயன்பாடு திட்டத்தோடு பொருந்துகிறதா என்பதைத் திட்டமிடல் ஆணையம் பார்க்கும். சூழல் பாதிப்பை மதிப்பாய்வு வாரியம் பார்க்கும். அபாயக் கழிவை உருவாக்குபவர் என்று ஊராட்சி பிரதேச அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். காகித வேலைக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஒதுக்குங்கள்.

இடம் என்றால், பழைய குப்பைமேட்டை ஒட்டியே அமைப்பது பெரும்பாலும் நல்லது. மக்கள் ஏற்கெனவே போகும் வழி அது. ஒரே காவல், ஒரே பாதை. ஆனால் காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், மேட்டின் புகை வராத இடத்தில், குடிநீர் ஏரிக்கும் ஓடைக்கும் மேட்டு நிலமாக இல்லாத இடத்தில் அமைய வேண்டும். விமான ஓடுபாதைக்கு அருகே உணவுக் கழிவு வைக்கவே கூடாது. கடற்பறவைகளும் காக்கைகளும் கூடும். அந்த ஊருக்கு விமானம்தான் ஆம்புலன்ஸ்.

முற்றம் போடுவது

அடியில் நிரந்தரமாக உறைந்த நிலம். அதைத் தோண்டினால் உருகும், உருகினால் அமிழும். எனவே வெட்டுவது கிடையாது, மேலே நிரப்புவதுதான். ஒரு மீட்டருக்குக் குறையாமல் கருங்கல் ஜல்லியும் சரளையும் கொட்டி இறுக்கி, நீர் ஒரே பக்கம் வழிந்தோடும்படி லேசான சாய்வு விட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று கோடையில் வாரம் ஒருமுறை பார்க்க அதுதான் இடம்.

கட்டடம் என்று பார்த்தால், சூடாக்கும் வசதியுள்ள ஒரே ஒரு சிறிய அறை போதும். ஆட்கள் கை காய்ச்சிக்கொள்ள, பேட்டரி சோதிக்க, கணக்கு எழுத. மற்றதெல்லாம் பழைய 20 அடி கன்டெய்னர்களில் அடங்கும். அவை ஊரில் எங்கேயாவது கிடக்கும். பொருளுக்கு ஒரு நிறம் பூசி, வரிசையாக நிறுத்தி, நடுவே ஃபோர்க் வண்டி திரும்பும் அகலம் விடுங்கள். எண்ணெய் வைக்கும் கன்டெய்னருக்குள் தொட்டி போன்ற தடுப்பு வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய ட்ரம்மின் கொள்ளளவைவிடப் பத்து சதவீதமாவது அதிகம் தாங்க வேண்டும். பக்கத்திலேயே உறிஞ்சு துணியும் மண்வாரியும்.

கதவுத் திசை சின்ன விஷயம் போலத் தெரியும். காற்று வீசும் திசைக்குப் பின்புறம்தான் பனி குவியும். காற்றை மறைக்கலாம் என்று கதவை அந்தப் பக்கம் திருப்பிவைத்தால், நவம்பரில் மூடிய கன்டெய்னரை மே மாதம்தான் திறக்க முடியும். கதவு காற்றுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். காற்றே பனியைத் துடைத்துக்கொண்டு போய்விடும். கன்டெய்னர்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள், இல்லாவிட்டால் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

வேலி இரண்டு காரணத்துக்காக. பறக்கும் பிளாஸ்டிக்கைப் பிடிக்க ஒன்று, கரடிக்கு ஒன்று. சர்ச்சிலில் வெண்கரடிகள் குப்பைமேட்டுக்கே பழகிப்போயிருந்தன. 2005-இல் அந்த மேட்டை மூடி, குப்பையைப் பழைய ராணுவக் கட்டடத்துக்குள் கொண்டுபோன பிறகுதான் அந்தப் பழக்கம் அறுந்தது. பிரிப்பு மையத்துக்குள் உணவு வாசனை வரவே கூடாது. கொண்டுவரும் ஃப்ரிட்ஜுக்குள் மிச்சம் இருக்கும் மாமிசத்தை வாசலிலேயே எடுத்துவிட வேண்டும்.

எந்திரங்களைக் குறைவாக வாங்குங்கள். ஃபோர்க் மாட்டக்கூடிய ஒரு சிறிய லோடர், பேலட் எனும் சரக்கு அடுக்கும் மரத்தட்டைத் தூக்கும் கைவண்டி, பேலட் தராசு, அட்டையும் கேனும் அழுத்தும் ஒரு செங்குத்து பேலர், உலோகம் வெட்டும் கருவி. ஹைட்ராலிக் எண்ணெய் குளிருக்கானதாக இருக்க வேண்டும், குழாய்கள் இரண்டு செட் கையிருப்பில் இருக்க வேண்டும். பழுது பார்க்க மெக்கானிக்கை விமானத்தில் வரவழைக்க வேண்டிய எந்திரம் எதுவும் வேண்டாம்.

எதை முதலில் பிரிப்பது

இந்த இடத்தில்தான் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. பள்ளியில் தாளும் பாட்டிலும் பிரிக்கச் சொல்லித் தொடங்குகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு கன்டெய்னர் பிளாஸ்டிக் பாட்டிலைத் தெற்கே அனுப்ப ஆகும் செலவில் பல டன் பேட்டரியை அனுப்பிவிடலாம். நிலத்தையும் நீரையும் கெடுப்பது எது என்று பார்த்து, அதிலிருந்து கீழே இறங்கிவாருங்கள்.

முதல் இடம் வண்டி பேட்டரிக்கு. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். விற்றால் காசும் வரும். குளிருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலமோ கிட்டத்தட்டத் தண்ணீர். மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, விரிந்து, மேலோட்டைப் பிளந்துவிடும். தூக்கியெறியப்படும் பேட்டரி எல்லாமே சார்ஜ் இறங்கியதுதான். ஆக, அக்டோபரில் வெளியே விட்ட பேட்டரி வசந்தத்தில் அமிலத்தைத் தரையில் விட்டிருக்கும். கோடையிலேயே சேகரித்து, அதே பருவத்துக் கப்பலில் ஏற்றிவிடுவதுதான் நல்லது.

கட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏற்க மறுக்கப்படும் சரக்கில் இது முக்கியமானது. உடைந்த பலகை இல்லாத, ஆணி நீட்டாத பேலட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தடிமனான அட்டை விரியுங்கள். பேட்டரிகளை நிமிர்த்தி, இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். கனமானவை கீழே, ஒரே உயரமானவை ஒரே வரிசையில். ஒவ்வொரு முனையத்தின் மேலும் டேப் ஒட்டுங்கள். ஓர் அடுக்கு முடிந்ததும் மறுபடி அட்டை, அதன்மேல் அடுத்த அடுக்கு. மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள். உச்சியில் ஓர் அட்டை வைத்து, பேலட்டின் அடிக்கட்டையையும் சேர்த்துச் சுற்றுத்தாளால் ஐந்தாறு சுற்று, அதன்மேல் இரண்டு பட்டை. பிறகு ஒருவர் தோளால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். படகில் இதைவிட அதிகமாக ஆடும். விரிசல் விட்ட பேட்டரி இந்தப் பேலட்டில் சேராது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தனியாகப் போக வேண்டும். கையில் ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் சோடா உப்பு.

அடுத்து கழிவு எண்ணெய். இதைப் பெரும்பாலும் அனுப்பத் தேவையில்லை, ஊரிலேயே எரித்துச் சூடாக்கலாம். ஊராட்சி கராஜில் அதற்கென்று செய்யப்பட்ட அடுப்பு வைத்தால், வாங்கும் டீசல் குறையும். ஆனால் எண்ணெய் எண்ணெயாகவே இருக்க வேண்டும். பெட்ரோல், கரைப்பான், என்ஜின் நீர் உறையாமல் காக்கும் ஆன்ட்டிஃப்ரீஸ் கலந்தால் எரிக்கவும் முடியாது, அனுப்பவும் செலவு கூடும். மாதிரியைச் சோதித்து, விதிமுறைக்குள் இருந்தால் மட்டும் எரியுங்கள். ஆன்ட்டிஃப்ரீஸைத் தனி ட்ரம்மில் பூட்டி வையுங்கள். அது இனிப்பாக இருக்கும். நக்கிய நாய் செத்துப்போகும்.

ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் மூன்றாவது. உள்ளே இருக்கும் குளிர்வாயு ஒரு கிலோ வெளியேறினால், சாதாரணமாகப் பயன்பட்ட ஆர்-134ஏ வகையாக இருந்தால்கூட, 1.4 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய ஆர்-12 இன்னும் பல மடங்கு மோசம், ஓசோனையும் அழிக்கும். சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர்தான் வாயுவை உறிஞ்சலாம். அவரை வருடத்துக்கு ஒருமுறை, பக்கத்து இரண்டு ஊர்களோடு சேர்ந்து வரவழைத்தால் விமானச் செலவு பங்காகிவிடும். அதுவரை எல்லாவற்றையும் நிமிர்த்தி வரிசையாக நிறுத்துங்கள், லோடரின் ஃபோர்க் குழாயைக் குத்திவிடாதபடி. கதவுகளைக் கழற்றிவிடுங்கள், குழந்தைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. பழைய பெட்டி ஃப்ரீசரின் மூடி விளக்கில் பாதரச சுவிட்ச் இருக்கலாம், அதையும் எடுத்து வையுங்கள்.

வண்டிகளுக்கு ஓர் ஒழுங்கு: பேட்டரி, பெட்ரோல், என்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், ஆன்ட்டிஃப்ரீஸ், பிரேக் எண்ணெய், பாதரச சுவிட்ச், டயர். இவை போன பிறகு வண்டி வெறும் இரும்பு. அவசரமில்லை, மூன்று வருடம் சேர்த்து நசுக்கி அனுப்பலாம். இன்னும் நல்லது, உதிரிபாகம் தேடி வரும் இளைஞர்களுக்கு வாரத்தில் ஒருநாள் திறந்துவிடுவது. ஸ்னோமொபைலின் ஒரு சின்னப் பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் அவர்கள்.

குழல் விளக்கு, பெயின்ட், ஸ்ப்ரே கேன், சின்ன பேட்டரி, கணினி, டிவி இவற்றை வீட்டிலிருந்து வாங்க வருடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். அலாஸ்காவில் சாலை இல்லாத கிராமங்களிலிருந்து இவற்றை வெளியே கொண்டுவர ‘பேக்ஹால் அலாஸ்கா’ என்ற திட்டமே நடக்கிறது. ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாகப் பேரம் பேசாமல், ஊர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, போக்குவரத்தை ஒன்றுசேர்த்து ஏற்பாடு செய்கிறார்கள். பக்கத்து ஊர்களோடு சேர்வது இங்கேயும் அதே பலன் தரும்.

மரம் அனுப்ப வேண்டிய பொருளே அல்ல. மரம் வளராத நாட்டில் கப்பல் பெட்டிகளின் பலகை தங்கத்துக்குச் சமம். கமுடிக் எனும் பனிச்சறுக்கு வண்டி செய்ய, வேட்டைக் குடில் கட்ட, திண்ணை போட ஆட்கள் தேடி வருவார்கள். ஆணி பிடுங்கி நீளவாரியாக அடுக்கிய ஒரு மறுபயன்பாட்டுக் கொட்டகையை முதல் மாதமே திறந்துவிடுங்கள். மையத்தின்மேல் ஊருக்கு நம்பிக்கை வருவதே இந்தக் கொட்டகையால்தான். ஜன்னல், கதவு, சைக்கிள், துணி எல்லாம் அங்கேயே கைமாறும். ரசாயனம் ஏற்றிய மரத்தையும் பெயின்ட் அடித்த மரத்தையும் தனியே வையுங்கள், எரிக்கக் கூடாது.

அலுமினிய கேன் லாபமானது, லேசானது. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் 2005 நவம்பர் முதல் பானக் கொள்கலன்களுக்கு வைப்புத்தொகை உண்டு. கேனைத் திருப்பிக் கொடுத்தால் காசு. அலாஸ்காவில் திரும்பிப் போகும் விமானங்களில் கேன் மூட்டைகளை ஏற்றி அனுப்பும் ‘பறக்கும் கேன்கள்’ திட்டம் நடந்திருக்கிறது. அப்படி வழி கிடைத்தால் தொடங்குங்கள். அட்டை, பிளாஸ்டிக் கடைசி. கப்பலில் காலி இடம் இலவசமாகக் கிடைக்கும் வருடத்தில் அனுப்பலாம்.

இவை எல்லாம் போன பிறகும் மிச்சம் இருக்கும், அது மேட்டுக்குத்தான் போகும். சில ஊர்கள் எரிக்கின்றன. மேட்டில் திறந்தவெளியில் எரிப்பதை நான் ஏற்கவே மாட்டேன், பிளாஸ்டிக் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும். கனடாவின் யூகான் பிரதேசம் தன் குப்பைத் தளங்களில் எரிப்பதை 2012-இல் நிறுத்திவிட்டது. உடனே நிறுத்த முடியாத ஊர் என்றால், அபாயப் பொருளை எல்லாம் விலக்கிய பிறகு, ஊர்ப்பக்கம் காற்று அடிக்காத நாளில், இரும்புப் பெட்டிக்குள் எரிப்பது தீங்கைக் குறைக்கும்.

ஆட்கள்

முழுநேரத்துக்கு இரண்டு பேர், கப்பல் வாரத்துக்கு இன்னும் நான்கு பேர். ஊர்க்காரர்களாகவே இருக்கட்டும். தெற்கிலிருந்து வரும் மேலாளர் போன மறுநாள் மையம் பூட்டிக்கிடந்த கதை வடக்கே நிறைய உண்டு. அபாயப் பொருள் போக்குவரத்துப் பயிற்சிச் சான்றிதழ் இருவருக்கும் வேண்டும். கப்பல் வழி அனுப்ப அது மூன்று வருடம் செல்லும், விமானம் வழி அனுப்ப இரண்டே வருடம். காலாவதி தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். டெட்டனஸ், மஞ்சள் காமாலை தடுப்பூசிகளை ஊர் நர்ஸிடம் போட்டுக்கொள்ளட்டும்.

வேட்டைப் பருவத்தில் ஆட்கள் நிலத்துக்குப் போவார்கள். அதைக் குறையாகப் பார்க்காமல் வேலை அட்டவணையையே அதற்கேற்பப் போடுங்கள். நல்ல கரிபூ வேட்டை வாரத்தில் மையத்தை மூடிவைத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

பணம்

கட்டப் பணம் கிடைத்துவிடும், நடத்தப் பணம்தான் கிடைக்காது. சம்பளம், டீசல், கப்பல் கட்டணம் ஆகிய மூன்றும் ஊராட்சியின் வருடாந்தர பட்ஜெட்டில் தனித்தனிச் செலவுத் தலைப்பாக வர வேண்டும். மானியம் முடிந்த மறுவருடம் இவை நின்றுவிடும் என்றால் தொடங்கவே வேண்டாம்.

வரும் பொருளிடமே வசூலிப்பது நியாயமான வழி. கப்பலில் ஒரு வண்டியோ ஸ்னோமொபைலோ வந்து இறங்கும்போது, அது ஒருநாள் திரும்பிப்போக ஆகும் செலவை அப்போதே வாங்கிக்கொள்ள ஊராட்சி விதி கொண்டுவரலாம். கடைகளோடு பேசுங்கள்: பேட்டரி விற்கிறவர் பழையதை வாங்கி வைத்தால் பாதி சேகரிப்பு முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பலன் தரும் வழி ஒப்பந்தக்காரர்கள். பள்ளியோ வீடுகளோ கட்ட வருபவர்கள்தான் ஒரே கோடையில் மேட்டை நிரப்புகிறார்கள். ஊராட்சி கொடுக்கும் ஒவ்வொரு கட்டட அனுமதியிலும் ஒரு நிபந்தனை சேருங்கள்: கொண்டுவந்த கன்டெய்னரில் உங்கள் கழிவையும், கூடவே ஊரின் ஒரு கன்டெய்னரையும் திருப்பி எடுத்துப்போக வேண்டும். டெண்டருக்கு முன் சொல்லிவிட்டால் அவர்கள் விலையிலேயே சேர்த்துக்கொள்வார்கள். வேலை தொடங்கிய பிறகு சொன்னால் நடக்காது.

ஏற்றும் வாரம்

ஜனவரியில் கன்டெய்னர் கணக்கு எடுத்து முன்பதிவு செய்யுங்கள். மார்ச்சில் சுற்றுத்தாள், பட்டை, லேபிள், உறிஞ்சு துணி என்று எல்லாவற்றையும் முதல் கப்பலுக்கு ஆர்டர் போட வேண்டும். முதல் கப்பல் வந்ததும் இந்தச் சாமான்கள் இறங்கும். இரண்டாவது கப்பலில் சரக்கு ஏறும். கடைசிக் கப்பலை நம்பாதீர்கள், பனியோ புயலோ அதை விலக்கிவிடலாம்.

பெரும்பாலான ஊர்களில் துறைமுக மேடை கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். இழுவைப் படகு தட்டைப் படகைத் தள்ளிக்கொண்டு, கடல் ஏற்றத்தின்போது கரைக்கு வரும். லோடர் ஒவ்வொரு கன்டெய்னராகத் தூக்கி வைக்கும். கடல் இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். அது இரவு இரண்டு மணியாகவும் இருக்கலாம். எனவே கன்டெய்னர்கள் முந்தின வாரமே பூட்டி, முத்திரை போட்டு, எடை எழுதி, கரையோரம் வந்து நிற்க வேண்டும். 20 அடி கன்டெய்னரில் பேலட்டுகள் ஒரே அடுக்கில் பத்து நிற்கும். ஆனால் எல்லாம் பேட்டரி என்றால், ஊர் லோடர் எவ்வளவு எடை தூக்கும் என்று பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். எடையைப் பின்பக்கம் குவிக்காமல் இரு முனைக்கும் பரப்புங்கள். மரக்கட்டை அடித்து நகராதபடி இறுக்கி, கதவைச் சாத்தும் முன் உள்ளே ஒரு படம் எடுங்கள். அபாயப் பொருள் ஆவணத்தின் ஒரு பிரதி படகோட்டியிடம், ஒன்று கப்பலுக்கு, ஒன்று உங்கள் கோப்பில். தெற்கே இருப்பவர் சரக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் பிரதி வரும்வரை அந்தக் கோப்பை மூடாதீர்கள்.

கப்பல் கிளம்பிய மறுநாள் காலை ஊர் வானொலிக்குப் போங்கள். இத்தனை பேட்டரி, இத்தனை லிட்டர் எண்ணெய், இத்தனை ஃப்ரிட்ஜ் நம் நிலத்தை விட்டுப் போயிருக்கிறது என்று எண்ணிக்கையோடு இனுக்டிடுட்டில் யாராவது சொல்லட்டும். கொண்டுவந்து கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி சொல்லட்டும். பிறகு காலியான கன்டெய்னர்களைப் பெருக்கி, கட்டை மேல் ஏற்றி வைத்து, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுங்கள். இரண்டு வாரத்தில் பனி விழத் தொடங்கிவிடும்.